கொலோனோஸ்கோபியால் சாவு குறையவில்லை என்று வந்த ஆய்வை எப்படிப் படிப்பது?

கேள்வி இதுதான்: 2022-ல் ஐரோப்பாவில் வந்த பெரிய ஆய்வு, கொலோனோஸ்கோபி ஸ்கிரீனிங்கால் (அறிகுறி இல்லாதவர்களுக்கும் ஆசனவாய் வழியாகக் கேமரா வைத்த குழாயை விட்டுப் பெருங்குடல் முழுவதையும் பார்ப்பது) பெருங்குடல் புற்றுநோய்ச் சாவு குறையவில்லை என்று சொன்னதாகச் செய்தி வந்தது. அப்படியென்றால் 50 வயது தாண்டியவர்களை ஏன் இன்னும் அதைச் செய்துகொள்ளச் சொல்கிறார்கள்? வீட்டிலேயே மலம் எடுத்து அனுப்பும் சோதனை போதாதா?

செய்தியில் வந்த எண்கள் சரி. அவற்றை வைத்து எடுத்த முடிவு தவறு. அந்த ஆய்வு அளந்தது "கொலோனோஸ்கோபி செய்துகொண்டால் என்ன ஆகும்" என்பதை அல்ல, "செய்துகொள்ள வாருங்கள் என்று கடிதம் போட்டால் என்ன ஆகும்" என்பதை. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரிந்துவிடும், ஆனால் மீதியிலும் விஷயம் நிறைய இருக்கிறது, அதனால் பதில் நீளும்.

ஆய்வின் பெயர் நார்டிக். போலந்து, நார்வே, சுவீடன் நாடுகளில் 55 முதல் 64 வயது வரை உள்ள சுமார் 84,600 பேரை மக்கள்தொகைப் பதிவேட்டிலிருந்து நேரடியாக எடுத்து, குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். சுமார் 28,200 பேருக்கு ஒரு முறை கொலோனோஸ்கோபிக்கு அழைப்புப் போனது, மற்றவர்களுக்கு எதுவும் போகவில்லை. அழைக்கப்பட்டவர்களில் வந்தவர்கள் 42 சதவீதம் மட்டுமே. நார்வேயில் 60 சதவீதம் வந்தார்கள், போலந்தில் மூன்றில் ஒருவர்தான் வந்தார். ஆனால் கணக்குப் போடும்போது வந்தவர், வராதவர் எல்லோரையும் "அழைக்கப்பட்ட குழு" என்று சேர்த்தேதான் எண்ணினார்கள். இது திருட்டுக் கணக்கு அல்ல, குலுக்கலின் நேர்மையைக் காப்பாற்ற இப்படித்தான் எண்ண வேண்டும். ஆனால் அப்படி எண்ணி வரும் விடைக்கு என்ன அர்த்தம் என்று செய்தி எழுதியவர்கள் சொல்லவில்லை.

பத்து வருடத்தில் அழைக்கப்படாத குழுவில் 1.20 சதவீதம் பேருக்கு பெருங்குடல் புற்றுநோய் வந்தது, அழைக்கப்பட்ட குழுவில் 0.98 சதவீதம். அதாவது ஆயிரம் பேருக்கு 12 என்பது ஏறக்குறைய 10 ஆனது. விகிதமாகச் சொன்னால் 18 சதவீதக் குறைவு. ஒரு புற்றுநோயைத் தடுக்க 455 பேருக்கு அழைப்பு அனுப்ப வேண்டியிருந்தது. சாவில் 0.31 சதவீதம் 0.28 ஆனது, அந்த வித்தியாசம் தற்செயலாகக்கூட வந்திருக்கலாம் என்ற அளவுக்குச் சின்னது. தலைப்புச் செய்தியானது இந்தக் கடைசி வரிதான்.

இப்போது உண்மையிலேயே வந்து பரிசோதனை செய்துகொண்டவர்களை மட்டும், அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதற்கான திருத்தத்துடன், எடுத்துப் பாருங்கள். புற்றுநோய் 1.22 சதவீதத்திலிருந்து 0.84 ஆகிறது, 31 சதவீதக் குறைவு. சாவு 0.30-லிருந்து 0.15, பாதி. இதுவும் அதே கட்டுரையில்தான் இருக்கிறது. நாடு முழுவதற்கும் திட்டம் போடும் சுகாதாரச் செயலாளர் கேட்க வேண்டியது முதல் எண்ணை, ஏனென்றால் வராதவர்களும் அவருடைய மக்கள்தான். படுக்கையில் படுத்து அந்தக் குழாயை ஏற்றுக்கொள்ளலாமா என்று யோசிக்கும் நீங்கள் கேட்க வேண்டியது இரண்டாவது எண்ணை. ஆனால் அந்த இரண்டாவது எண்ணில் ஒரு பலவீனம் உண்டு. வந்தவர்களும் வராதவர்களும் குலுக்கலில் பிரிந்தவர்கள் இல்லை, தாமாகப் பிரிந்தவர்கள். எவ்வளவு திருத்தினாலும் அந்த வித்தியாசம் முழுசாகப் போகாது. அதனால் பாதி என்பதைக் கல்லில் எழுதிய எண்ணாக எடுக்காதீர்கள், உண்மை அந்தப் பக்கம்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

காலமும் ஒரு காரணம். பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் அடினோமா என்ற வகைப் பாலிப்பிலிருந்து, அதாவது குடல் சுவரில் முளைக்கும் சின்னச் சதை வளர்ச்சியிலிருந்து, வளர்கிறது, அந்த வளர்ச்சிக்குப் பத்து வருடம், சில சமயம் அதற்கும் மேல் ஆகும். இன்று ஒரு பாலிப்பை வெட்டி எடுத்தால், அது பத்து வருடம் கழித்து ஆகியிருக்கக்கூடிய புற்றுநோயைத்தான் தடுக்கிறீர்கள். அது கொன்றிருக்கக்கூடிய ஆண்டு இன்னும் தள்ளி. போதாக்குறைக்கு, ஸ்கிரீனிங் தொடங்கிய முதல் சில வருடங்களில் புற்றுநோய் எண்ணிக்கை கூடத்தான் செய்யும், ஏற்கெனவே உள்ளே ஒளிந்திருந்தவை எல்லாம் அப்போது வெளியே வருகின்றன. நார்டிக்கிலும் அழைக்கப்பட்ட குழுவின் கோடு முதலில் மேலே போய், பல வருடம் கழித்துத்தான் மற்றக் கோட்டுக்குக் கீழே இறங்கியது. சாவைப் பற்றித் தீர்ப்பு எழுத பத்து வருடம் குறைவு, 15 வருடக் கணக்கைப் பார்ப்பதும் அவர்கள் போட்டிருந்த திட்டத்திலேயே உண்டு.

"மொத்தச் சாவு குறையவே இல்லையே" என்று அடுத்து கேட்பார்கள். ஆமாம், எல்லாக் காரணங்களையும் சேர்த்தால் 11.03 சதவீதமும் 11.04 சதவீதமும். ஆனால் அந்த 11-ல் பெருங்குடல் புற்றுநோயின் பங்கே 0.3 தான். அதை முழுசாக, ஒருவர்கூடச் சாகாதபடி ஒழித்திருந்தாலும் 11 என்பது 10.7 ஆகியிருக்கும், அவ்வளவுதான். அந்த வித்தியாசத்தின் ஒரு பகுதியை எண்பதாயிரம் பேரை வைத்துப் பிடிக்க முடியாது.

சரி, அப்படியானால் கொலோனோஸ்கோபி செய்தால் 90 சதவீதம் பாதுகாப்பு என்று சில மருத்துவமனை விளம்பரங்களில் வருவது உண்மையா? அதுவும் இல்லை, அந்தப் பக்கத்து மிகையையும் சொல்லியாக வேண்டும். அந்த எண்ணின் வேர் 1993-ல் வந்த அமெரிக்காவின் தேசியப் பாலிப் ஆய்வு. சுமார் 1,400 பேருக்கு அடினோமாக்களை எடுத்துவிட்டு, அவர்களுக்குப் பின்னாளில் வந்த புற்றுநோயை வேறு மக்கள் கூட்டங்களின் கணக்கோடு ஒப்பிட்டார்கள், 76 முதல் 90 சதவீதம் வரை குறைந்ததாக வந்தது. அங்கே குலுக்கல் இல்லை. எல்லோருக்கும் மிகத் திறமையானவர்கள் முழுசாகச் சுத்தம் செய்து பார்த்திருந்தார்கள், ஏற்கெனவே புற்றுநோய் இருந்தவர்களைச் சேர்க்கவில்லை. பாலிப்பை எடுத்தால் புற்றுநோய் தடுக்கப்படுகிறது என்ற அடிப்படையை நிறுவியதற்காக அந்த ஆய்வு பெரிய ஆய்வுதான். ஆனால் அதன் எண்ணை ஊரிலுள்ள எல்லா கொலோனோஸ்கோபிக்கும் ஒட்ட முடியாது.

ஸ்கிரீனிங்குக்குத் தாமாக வருகிறவர்கள் பொதுவாகக் குறைவாகப் புகைப்பவர்கள், நடப்பவர்கள், மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்கள். அவர்களுக்கு ஸ்கிரீனிங் இல்லாமலேயே நோய் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். "செய்துகொண்டவர்களை செய்துகொள்ளாதவர்களோடு ஒப்பிட்டோம்" என்று ஆரம்பிக்கும் எந்த ஆய்விலும் இந்த மிகை உட்கார்ந்திருக்கும்.

இதைவிட மோசமான பொறி, "ஐந்து வருடம் உயிரோடு இருந்தவர்கள் எத்தனை சதவீதம்" என்ற கணக்கு. ஒருவருக்கு 63 வயதில் இரத்தப்போக்கு வந்து புற்றுநோய் தெரிகிறது, 66-ல் இறக்கிறார் என்று வையுங்கள். நோய் தெரிந்தபின் மூன்று வருடம். அதே மனிதருக்கு 58-லேயே ஸ்கிரீனிங்கில் தெரிந்து, சிகிச்சை எதுவும் பலிக்காமல் அதே 66-ல் இறந்தாலும் கணக்கில் எட்டு வருடம் வாழ்ந்தவர், ஐந்து வருட வெற்றிப் பட்டியலில் அவர் பெயர் ஏறிவிடும். ஒரு நாள்கூடக் கூடுதலாக வாழவில்லை. அதோடு மெதுவாக வளரும் கட்டிகள்தான் ஸ்கிரீனிங்கில் அதிகம் சிக்கும், வேகமானவை இரண்டு பரிசோதனைக்கு நடுவில் வந்துவிடும். அதனால் எந்த ஸ்கிரீனிங்கையும் எடைபோடும்போது பிழைத்திருக்கும் காலத்தைக் கேட்காதீர்கள். குலுக்கலில் பிரித்த இரண்டு குழுவில் எத்தனை பேருக்கு நோய் வந்தது, எத்தனை பேர் அந்த நோயால் செத்தார்கள் என்று மட்டும் கேளுங்கள்.

நோய் வருவதையே எண்ணலாம் என்பது பெருங்குடலுக்கும் கருப்பைவாய்க்கும் உள்ள சிறப்பு. மார்புக்கான மேமோகிராம் படம், ஆண்களின் புராஸ்டேட் சுரப்பிக்கான பிஎஸ்ஏ இரத்தப் பரிசோதனை மாதிரியானவை நோயைச் சீக்கிரம் காட்டும், அவற்றால் நோயின் எண்ணிக்கை கூடும். பெருங்குடலில் புற்றுநோய் ஆவதற்கு முன்பே பாலிப்பை எடுத்துவிட முடிகிறது, எண்ணிக்கை உண்மையிலேயே குறைகிறது.

இதற்கு மிக வலுவான சாட்சி கொலோனோஸ்கோபி ஆய்விலிருந்து வரவில்லை, அதன் தம்பி சிக்மாய்டோஸ்கோபியிலிருந்து வருகிறது. குடலின் கடைசிப் பகுதியை, அதாவது மலக்குடலையும் இடப்பக்கத்தையும் மட்டும் பார்க்கும் சின்னக் குழாய் அது. பிரிட்டனில் வெண்டி அட்கின் தலைமையில் நடந்த ஆய்வு 2010-ல் வந்தது, 55 முதல் 64 வயது வரை சுமார் 1,70,000 பேர், வாழ்நாளில் ஒரே ஒரு முறை பரிசோதனை. பதினொரு வருடத்தில் அழைக்கப்பட்ட குழுவில் நோய் 23 சதவீதமும் அந்த நோயால் சாவு 31 சதவீதமும் குறைந்தன. செய்துகொண்டவர்களை மட்டும் எடுத்தால் 33, 43. குழாய் எட்டிய இடப்பக்கத்தில் புற்றுநோய் பாதியானது, எட்டாத வலப்பக்கத்தில் கிட்டத்தட்ட எந்த மாற்றமும் இல்லை. இது எனக்கு மிகவும் பிடித்த முடிவு, ஏனென்றால் "ஆரோக்கியமானவர்கள் வந்ததால்தான் குறைந்தது" என்றால் வலப்பக்கமும் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. குழாய் போன இடத்தில் மட்டும் குறைந்தது.

முழுக் குடலையும் பார்க்கும் கொலோனோஸ்கோபி பாதிக் குடலைப் பார்க்கும் சோதனையை விட மோசமாகவா வேலை செய்யும்? நார்டிக்கில் 18, பிரிட்டனில் 23 என்று எண்கள் அப்படித்தான் தோற்றம் தருகின்றன. ஆனால் பிரிட்டனில் முன்கூட்டியே ஒரு கேள்வித்தாள் அனுப்பி, "கூப்பிட்டால் வருவேன்" என்று சொன்னவர்களை மட்டும்தான் குலுக்கலில் சேர்த்தார்கள், அதனால் அழைத்தவர்களில் 71 சதவீதம் பேர் வந்தார்கள். நார்டிக்கில் யாரையும் முன்கூட்டிக் கேட்கவில்லை, 42 சதவீதம். இரண்டு ஆய்வின் தலைப்பு எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதே தப்பு. செய்துகொண்டவர்களின் எண்கள் 31-ம் 33-ம், கிட்டத்தட்ட ஒன்று.

ஆனாலும் ஒரு நியாயமான கேள்வி மிச்சம் இருக்கிறது: முழுக் குடலையும் பார்த்தும் ஏன் 31 தான்? இங்கேதான் பரிசோதனை செய்பவரின் கை வருகிறது. கனடாவின் ஒன்டாரியோவில் 2009-ல் வந்த ஒரு ஆய்வில் கொலோனோஸ்கோபி செய்துகொண்டவர்களிடம் இடப்பக்கப் புற்றுநோய்ச் சாவு வெகுவாகக் குறைந்திருந்தது, வலப்பக்கத்தில் குறையவே இல்லை. வலப்பக்கத்தில் தட்டையான, குடல் சுவரோடு ஒட்டிக் கிடக்கும் பாலிப்புகள் அதிகம். குடல் சரியாகச் சுத்தமாகவில்லை என்றால் அங்கேதான் கழிவு தேங்கி நிற்கும். குழாய் கடைசிவரை போகாமல் திரும்பி வந்தாலும் விட்டுப்போவது அந்தப் பக்கம்தான். அவசரமாக வெளியே இழுக்கும் கை அதைத் தவறவிடும்.

இதை அளக்க ஒரு எண் இருக்கிறது. ஒரு மருத்துவர் செய்யும் ஸ்கிரீனிங் கொலோனோஸ்கோபிகளில் எத்தனை சதவீதத்தில் குறைந்தது ஒரு அடினோமாவாவது கண்டுபிடிக்கிறார் என்ற விகிதம். கலிஃபோர்னியாவில் 136 மருத்துவர்கள் செய்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட கொலோனோஸ்கோபிகளை ஆராய்ந்து 2014-ல் வெளியிட்டார்கள். ஒருவருடைய விகிதம் 7 சதவீதம், இன்னொருவருடையது 52 சதவீதம், ஒரே நிறுவனத்துக்குள் இவ்வளவு வித்தியாசம். விகிதம் ஒரு சதவீதப் புள்ளி கூடினால், பின்னாளில் அந்த நோயாளிக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 3 சதவீதம் குறைந்தது. நார்டிக்கில்கூடப் பரிசோதனை செய்த மருத்துவர்களில் நாலில் ஒருவருக்கும் மேல் 25 சதவீதம் என்ற அப்போதைய குறைந்தபட்ச அளவை எட்டவில்லை. ஆகவே "கொலோனோஸ்கோபி எவ்வளவு தடுக்கும்" என்ற கேள்விக்கு யாருடைய கொலோனோஸ்கோபி என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது. நீங்கள் செய்துகொள்ளப் போனால் மருத்துவரிடம் அவருடைய விகிதம் என்ன என்று கேளுங்கள், கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. வலப்பக்க முடிவான சீக்கம் வரை போனதா, குடல் சுத்தமாக இருந்ததா, குழாயை வெளியே எடுக்க ஆறு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டாரா என்பதெல்லாம் அறிக்கையில் இருக்க வேண்டியவை.

இனி மலப் பரிசோதனை. மலத்தில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும் இரத்தத்தைத் தேடும் பழைய குவையாக் முறைக்குத்தான் மிக நீண்ட சாட்சி இருக்கிறது. அமெரிக்காவின் மினசோட்டாவில் 46,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த ஆய்வு 1993-ல் வந்தது, வருடா வருடம் செய்தவர்களிடம் பெருங்குடல் புற்றுநோய்ச் சாவு 33 சதவீதம் குறைந்தது, 30 வருடம் கழித்துப் பார்த்தபோதும் அந்தக் குறைவு 32 சதவீதமாக அப்படியே நின்றது. பிரிட்டனின் நாட்டிங்ஹாமிலும் டென்மார்க்கிலும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை செய்த ஆய்வுகளில் 15, 18 சதவீதம்தான். மினசோட்டாவில் மாதிரியை ஈரப்படுத்தி சோதித்ததால் பாசிட்டிவ் மிக அதிகமாக வந்து, வருடாந்தரக் குழுவில் மூன்றில் ஒருவருக்கும் மேல் கொலோனோஸ்கோபி வரை போனார்கள். மலப் பரிசோதனையின் பலனில் ஒரு பங்கு அதன் பின்னால் வந்த கொலோனோஸ்கோபியின் பலன்.

இப்போது உலகம் பயன்படுத்துவது ஃபிட் என்ற புதிய வகை மலப் பரிசோதனை. இது மனித இரத்தத்தின் குளோபின் புரதத்தை எதிர்ப்பொருள் வைத்துப் பிடிக்கிறது. அதனால் ஆட்டுக்கறி சாப்பிட்டாலும் குழப்பம் இல்லை, பத்தியம் வேண்டாம். ஒரே ஒரு மாதிரி போதும். ஒரு முறை செய்தால் இருக்கும் புற்றுநோய்களில் ஏறக்குறைய நாலில் மூன்றைப் பிடிக்கும். பெரிய பாலிப்புகளில் நாலில் ஒன்றைத்தான் பிடிக்கும். இதைக் கேட்டதும் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் ஃபிட் ஒரு முறை செய்துவிட்டு விடுவதற்கானது அல்ல, வருடத்துக்கோ இரண்டு வருடத்துக்கோ ஒரு முறை திரும்பத் திரும்பச் செய்வது. இந்த முறை தப்பிய பாலிப் அடுத்த முறை சிக்க வாய்ப்பு உண்டு, பாலிப் வளரும் வேகம் அதற்கு நேரம் கொடுக்கிறது.

ஸ்பெயினில் இரண்டையும் நேருக்கு நேர் வைத்தார்கள். ஒரு குழுவுக்கு ஒரு முறை கொலோனோஸ்கோபி அழைப்பு, மற்றதற்கு இரண்டு வருடத்துக்கு ஒரு ஃபிட். 2025-ல் வந்த பத்து வருட முடிவில் பெருங்குடல் புற்றுநோய்ச் சாவு 0.22 சதவீதம், 0.24 சதவீதம். ஃபிட் பின்தங்கவில்லை, காரணம் அதற்கு அதிகம் பேர் ஒத்துழைத்தார்கள். உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதுதான் பதில்: ஊருக்கு அது போதும். தனி ஒருவராக நீங்கள் இரண்டையும் செய்துகொள்ளத் தயார் என்றால், திறமையான கையால் செய்யும் கொலோனோஸ்கோபி அதிகம் தடுக்கும் என்பது என் கருத்து. ஆனால் அதைச் சும்மா நாலு வருடம் தள்ளிப்போட்டுக்கொண்டிருப்பதை விட இந்த மாதம் ஃபிட் செய்வது மேல். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் 50,000 பேரை வைத்து இதே ஒப்பீடு நடந்துகொண்டிருக்கிறது.

பாசிட்டிவ் வந்தால் மட்டும் விளையாடக் கூடாது. பாசிட்டிவ் வந்த நூறு பேரில் சுமார் மூன்று பேருக்குத்தான் புற்றுநோய் இருக்கும், அதனால் பதற வேண்டாம், ஆனால் கொலோனோஸ்கோபி செய்தே ஆக வேண்டும். இன்னொரு ஃபிட் செய்து நெகட்டிவ் வருகிறதா என்று பார்ப்பது பெரிய தவறு, பாலிப்பிலிருந்து இரத்தம் தினமும் கசிவதில்லை. பாசிட்டிவுக்குப் பின் பத்து மாதத்துக்கு மேல் தாமதித்தவர்களிடம் புற்றுநோயும் முற்றிய நிலையும் கூடுகின்றன என்று 70,000 பேரை வைத்து 2017-ல் காட்டியிருக்கிறார்கள். வடக்கு கலிஃபோர்னியாவின் கைசர் பெர்மனென்டே என்ற மருத்துவக் காப்பீட்டு அமைப்பு தன் உறுப்பினர்களுக்கு ஃபிட் பெட்டியைத் தபாலில் அனுப்பத் தொடங்கி, ஸ்கிரீனிங் செய்துகொண்டவர்களை 39 சதவீதத்திலிருந்து 83 சதவீதமாக்கியது. 2000-க்கும் 2015-க்கும் இடையில் அங்கே நோய் 26 சதவீதமும் சாவு 52 சதவீதமும் குறைந்தன. குலுக்கல் இல்லாத கணக்கு, சிகிச்சையும் அதே காலத்தில் முன்னேறியது, எல்லாவற்றையும் ஃபிட்டுக்கே எழுத முடியாது. இருந்தாலும் விடாமல் துரத்திச் செய்த ஒரு அமைப்பு எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு அது நல்ல சான்று.

மலத்தில் டிஎன்ஏ பார்க்கும் கோலோகார்டு புற்றுநோயில் 92 சதவீதம் வரை பிடிக்கும், பதிலுக்குப் பொய்யான பாசிட்டிவ் ஃபிட்டை விட அதிகம். 2024-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஷீல்டு என்ற இரத்தப் பரிசோதனை புற்றுநோயில் 83 சதவீதம் பிடிக்கிறது, ஆனால் பெரிய பாலிப்புகளில் வெறும் 13 சதவீதம். பாலிப்பை விட்டுவிட்டால் தடுப்பு என்ற பேச்சே இல்லை, சீக்கிரம் கண்டுபிடிப்பதோடு நின்றுவிடும். ஊசி மட்டும் போதும் என்பதால் பலர் இதற்குப் போவார்கள் என்பது எனக்குக் கவலையாக இருக்கிறது.

தீங்கையும் சொல்ல வேண்டும். ஸ்கிரீனிங் கொலோனோஸ்கோபியால் பத்தாயிரத்தில் சுமார் 15 பேருக்குப் பெரிய இரத்தப்போக்கும் 3 பேருக்குக் குடலில் ஓட்டையும் ஏற்படலாம், வயது கூடக்கூட இது கூடும். 75-க்கு மேல் எல்லோருக்கும் ஒரே பரிந்துரை இல்லாததற்கு இதுவும் காரணம்.

சிங்கப்பூரிலும் ஒன்டாரியோவிலும் 50 வயதிலிருந்து ஃபிட் கிடைக்கிறது. நார்வேயில் 2022-ல் தொடங்கிய தேசியத் திட்டம் 55 வயதாகிறவர்களை அழைக்கிறது. அங்கெல்லாம் இருக்கும் நம்மவர்கள் வீட்டுக்கு வரும் பெட்டியை ஓரமாக வைத்துவிடாதீர்கள். இந்தியாவில் பெருங்குடலுக்கு தேசிய ஸ்கிரீனிங் திட்டம் கிடையாது, அரசு பார்ப்பது வாய், மார்பு, கருப்பைவாய்ப் புற்றுநோய்களை. இங்கே இந்த நோய் ஐரோப்பாவை விடக் குறைவாக வருவதால், ஐரோப்பிய எண்களை அப்படியே தமிழ்நாட்டுக்குப் போட்டால் பலன் மிகையாகத் தெரியும். அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர் யாருக்காவது இளவயதில் இந்த நோய் வந்திருந்தால் கதை வேறு, அவர்களுக்கு ஸ்கிரீனிங் சீக்கிரமே தொடங்க வேண்டும், ஃபிட்டை நம்பி இருக்கக் கூடாது.

மேலே சொன்ன அத்தனை கணக்கும் எந்த அறிகுறியும் இல்லாதவர்களுக்கானது. மலத்தில் இரத்தம் போகிறது, பல வாரமாகப் போக்கு மாறியிருக்கிறது, காரணமில்லாமல் இரத்தசோகை, எடை இறக்கம் என்றால் அது ஸ்கிரீனிங் விஷயமே இல்லை. நம் ஊரில் இரத்தம் என்றதும் மூலம் என்று நாமே முடிவுகட்டி, வெட்கத்தில் யாரிடமும் சொல்லாமல், மாதக்கணக்கில் மூலத்துக்கான மருந்தையும் பொடியையும் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்கள் எத்தனை பேர். முப்பது நாற்பது வயதுக்காரர்களும் இதில் உண்டு. மூலம் இருப்பது நிஜமாகவே இருக்கலாம், அதோடு கூடவே மேலே ஒரு கட்டியும் இருக்கலாம். மருத்துவர் விரல் விட்டுப் பார்த்தாரா, உள்ளே குழாய் விட்டுப் பார்க்க வேண்டுமா என்று நேரடியாகக் கேளுங்கள்.